மீதி முப்பது மணி

பிரேமன் நகரில் முப்பத்தோரு வருஷம்
டிராம் ஓட்டினேன்.
பதினோரு கிலோமீட்டர், முப்பத்தெட்டு நிமிஷம்.
கடைசி நிறுத்தத்தில் ஒரு வட்டம் போட்டால்
மறுபடி அதே பதினோரு.
தூரம் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் இந்த வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.
காலடியில் ஒரு நீலப் பெட்டி.
உள்ளே யாரோ ஒரு இளைஞன்
இடுப்பெலும்பிலிருந்து கொடுத்த மஜ்ஜை:
ஒரு சின்னப் பை, பீட்ரூட் சாற்றின் நிறம்.
அவன் பெயரை எனக்குச் சொல்லமாட்டார்கள்.
ஆக்லாந்தில் படுத்திருப்பவர் பெயரையும்.
இரண்டு பேருக்கும் எண் உண்டு.

உலக உருண்டையில் நூல் பிடித்தால்
பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.
விமானத்துக்கு நூல் பிடித்துப் போகத் தெரியாது.
தோஹாவில் இறக்கி ஏற்றும்,
சண்டை நடக்கும் வானங்களை
எட்டிப் பார்க்காமல் சுற்றிப் போகும்.
பைக்குள் இருப்பதற்கோ
கிலோமீட்டரே தெரியாது.
எழுபத்திரண்டு மணிக்குள்.
அது படித்த கணக்கு அது ஒன்றுதான்.

தோஹாவில் மூடுபனி.
பாலைவனத்திலும் பனி இறங்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஒரு மணி தாமதம் என்றது பலகை,
பிறகு மூன்று,
பிறகு ஒன்றுமே சொல்லாமல் கண் சிமிட்டியது.

எக்ஸ்ரேயில் வையுங்கள் என்றார் காவலர்.
கூடாது என்றேன். காகிதத்தை நீட்டினேன்.
பெயர்ப்பட்டையில் யாம் பகதூர்.
முழுக்கப் படித்தார், விரலை வரிவரியாய் நகர்த்தி.
பிறகு குனிந்து
பெட்டியைத் தொடாமல்
சின்னத் திரையை மட்டும் பார்த்து
"நாலரை டிகிரி" என்றார்,
காய்ச்சல் இறங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுத்த விமானம் பதினாறு மணி நேரம்.
ஒயின் வேண்டாம் என்றேன், தூக்கமும் வேண்டாம்.
கழிவறைக்கும் பெட்டியோடுதான் போனேன்,
உள்ளே இருவருக்கு இடமில்லை,
மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பாடா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்,
புக்கிகோஹே ஊரில் வெங்காயம் பயிரிடுகிறவர்.
இல்லை என்றேன்.
அவருடைய வெங்காயம் ஐரோப்பாவுக்குக் கப்பலில்
நாற்பது நாள் போகுமாம்.
வெங்காயத்துக்கு என்ன அவசரம் என்று சிரித்தார்.
நான் கடிகாரத்தைப் பார்த்ததைப் பார்த்தார்,
அதன்பின் பேசவில்லை.
அவர் போர்வையை மட்டும் என் முழங்காலுக்குத் தந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தாதி ஙாஹுயா
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டபோது
நாற்பத்திரண்டாவது மணி.
மீதி முப்பது.
கதவு தானாகத் திறந்தது, தானாக மூடியது.
நான் அங்கே நின்றது நாலு நிமிஷம்.

இனி எனக்கு எதுவும் தெரியாது.
டிராமில் இறங்கியவர்கள்
எந்த வீட்டுக்குப் போனார்கள் என்றா தெரியும்?

திரும்பும் வழியில் எதிர்க்காற்று,
ஒன்றரை மணி கூடுதல்.
எனக்கென்ன, ஒயின் வாங்கினேன், தூங்கினேன்.
கால்கள் மட்டும்
பெட்டிக்கு இடம் விட்டு
ஒதுங்கியே கிடந்தன, பிராங்க்பர்ட் வரை.