லக்கேஜ் டிக்கெட்

கீழுதட்டை மடக்கிக் காட்டினார்
கோத்தகிரி டெப்போ கண்டக்டர் போஜன்.
உள்ளே ஈரத்தில் அவரைக்கொட்டை அளவில் ஒன்று.
சுற்றியிருக்கும் சதையின் அதே நிறம்.
அழுத்தினால் அமுங்கித் திரும்புகிறது.
ரத்தமில்லை, வலியில்லை.
"அதான் டாக்டர் பயம்.
வலிக்காததுதான் அதுன்னு சொல்றாங்க."
அது என்றால் எது என்று நான் கேட்கவில்லை.

எத்தனை நாளாய்?
"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்ச ஐப்பசிக்கு முன்னாடி."
புகையிலை?
"விட்டு அஞ்சு வருஷம்.
அதுக்கு முன்னாடி கேக்காதீங்க."
கேட்டேன். எழுதிக்கொண்டேன்.
கழுத்தில் நெறி கட்டவில்லை.
நாக்கடி, கன்னம், அண்ணம் எல்லாம் சுத்தம்.
மேல்வரிசைக் கோரைப்பல் மட்டும்
நுனி உடைந்து பிளேடு மாதிரி.

கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில்.
"ஊதிக் காட்டுங்க."
"இங்கயா?"
"இங்கதான்."
உதடு குவிந்து விசிலை வாங்கியது.
உடைந்த பல் இறங்கி
சரியாய் அந்தக் கட்டியின் முதுகில் உட்கார்ந்தது.
வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள்
வண்டி கிளம்புகிறதென்று எழுந்து நின்றார்கள்.

அரவேணு, தட்டப்பள்ளம், குஞ்சப்பனை.
நிறுத்தத்துக்கு இரண்டு ஊதல்,
வளைவில் ரிவர்ஸ் எடுத்தால் விடாமல் ஊதல்,
யானை நின்றால் மட்டும் கப்சிப்.
எத்தனை ஆயிரம் முறை
ஒரே இடத்தில் ஒரே சின்னக் கடி.
சதைக்கு வேறென்ன தெரியும்?
கொஞ்சம் கூடுதலாய் வளர்ந்து
குறுக்கே வந்து நின்றிருக்கிறது.

அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.
நினைப்பது போதாது,
எடுத்து அனுப்பிப் பார்க்கணும் என்றும்.

மரத்துப்போக ஊசி.
இரண்டு பக்கமும் வளைந்த கீறல், அடியோடு.
மூன்று தையல்.
கத்திக்கு அசையாதவர்
பல்லின் விளிம்பை நான் ராவியபோது
நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.
அதை அப்படியே விட்டால்
இது மறுபடி வரும் என்று சொல்லியிருந்தேன்.

ஃபார்மலின் குப்பியில் அது
வெளுத்து, சிறுத்து, யாருடையதோ ஆனது.
கூரியர் பையன் வரவில்லை. மழை.
"நாளைக்குக் கோயமுத்தூர் என் வண்டிதானே"
என்றார் பஞ்சைக் கடித்தபடி.
சில்லறைப் பையில் பத்து ரூபாய்க் கட்டுக்கருகே
தன் உதட்டின் ஒரு துண்டோடு
மலையிறங்கினார்.

பத்தாம் நாள் ரிப்போர்ட்:
நார்க்கட்டி. உராய்வால் வளர்ந்தது.
கெட்ட அணுக்கள் எதுவும் இல்லை.
மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.
மூன்றாவது தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"அப்போ விசில்தானா?"
"பல்லும் விசிலும்.
இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் ஊதாதீங்க."

இப்போதெல்லாம் மார்க்கெட் திருப்பத்தில்
தகரத்தில் இரண்டு அறை கேட்டால்
அது அவர் வண்டி.

அவருடைய சீட்டோடு சேர்த்து
ஒரு டிக்கெட்டையும் குத்தி வைத்திருக்கிறேன்.
பழைய லக்கேஜ் புத்தகத்தில்
தனக்குத்தானே கிழித்துக்கொண்டது.
கோத்தகிரி முதல் கோவை வரை.
எடை என்ற இடத்தில்
அவர் கையெழுத்தில், ஒன்றுமில்லை.
தேதியைப் பார்த்தேன்.
ரிப்போர்ட்டுக்கு ஒன்பது நாள் முன்னால்.