ஒன்று புள்ளி நான்கு

விரல் நுனியில் ஒரு குத்து.
சொட்டை உறிஞ்சிக்கொண்டு
அந்தப் பெட்டி அரை நிமிடம் யோசிக்கும்.
எண் காட்டாது, குறியீடு காட்டும்.
குறியீட்டைத் தொலைபேசியில் அழுத்தினால்
கேப் டவுனில் பதிந்து வைத்த ஒரு பெண்குரல்
எண்ணைச் சொல்லும்.

பாதிப் பேருக்கு அது அவர்கள் ரத்தத்தின் எண்.
பாதிப் பேருக்குக் கணினி கட்டிய கதை.
யார் எந்தப் பாதி, எனக்குத் தெரியாது.
டாக்டர் ஹர்ச்சந்தருக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

டர்பன். மூன்றாம் மாடி. சன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்.
மின்வெட்டு நேரத்தில் மட்டும் அறைக்குள் கடல் கேட்கும்.

பங்கேற்பாளர் 0417, ஃபிகிலே.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி வருவாள்.
பதினோரு வயதில் தொண்டை வலி,
அப்புறம் மூட்டு வீக்கம், யாரும் பெரிதாக எடுக்கவில்லை.
முப்பத்தாறில், திறக்க மறுக்கும் வால்வு.
மீன்வாய் என்கிறது பாடப்புத்தகம்.
எக்கோ திரையில் நான் பார்த்தது
பேச வந்து பேசாமல் விட்ட வாய்.
அதற்கு மேலறை
அடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தால்
இரண்டு. ஒன்று. ஒன்றுமில்லை. அவசரமாய் மூன்று.
மழை விட்டபின் தகரக் கூரை சொட்டுகிற மாதிரி.
ஆதியில் போட்டேன், ரூபகத்தில் போட்டேன்,
எதிலும் உட்காரவில்லை.

பழைய மருந்துக்குக் கீரை பகை.
புது மருந்து கீரையைச் சட்டை செய்யாது.
எதை விழுங்குகிறார்கள் என்று தெரியாததால்
எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை,
ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டது.

ஐந்தாம் வருகையில் குரல் சொன்னது:
ஒன்று புள்ளி நான்கு.
இரண்டுக்குக் கீழே போகக் கூடாது.
என்ன சாப்பிட்டாய்?
இம்ஃபினோ, என்றாள். கொல்லையில் தானாக முளைப்பது.
எனக்குத் தெரியும் அந்தச் செடியை,
சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முளைக்கீரை.
இருந்தாலும் திட்டினேன்.
ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறும் என்றேன்,
வாய் கோணும், கை விழும்.
அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் சொன்னாள்:
வேரோடு பிடுங்கிவிட்டேன், சிஸ்டர்.
அங்கே இப்போது துணி காயப்போடுகிறோம்.

மூன்று வருடம்.
ஒரு வியாழக்கிழமை முடிச்சை அவிழ்த்தார்கள்.
பட்டியல், இரண்டே பத்தி.
கூட்டத்தில் சமூசா, ரூயிபோஸ் தேநீர்.
ஜெயித்தது பழைய மருந்து,
சின்ன வித்தியாசம்தான் என்றார் புள்ளியியல்காரர்.
சின்ன வித்தியாசம் என்றால் எத்தனை பேர் என்று
யாரோ கேட்டார்கள். சொன்னார்.
கையிலிருந்த சமூசாவைத் தட்டில் வைத்தேன்.

அப்புறம் 0417ஐத் தேடினேன்.
புது மருந்து.
ஒன்று புள்ளி நான்கு
அவள் ரத்தத்தில் எங்கும் இருந்ததில்லை.

தொலைபேசியில் நீட்டி முழக்காமல் சொன்னேன்.
அப்படியானால் அந்த மூன்று வருடமும்?
சாப்பிட்டிருக்கலாம்.
இனி?
இனி பழைய மருந்துக்கு மாற வேண்டும், ஃபிகிலே.
இனிமேல்தான் பார்த்துச் சாப்பிட வேண்டும்.
அந்தப் பக்கம் டாக்சி ஹாரன், ஒரு குழந்தை,
பிறகு அவள் சிரிப்பு. நீளமான சிரிப்பு.
என் பங்கு அதில் எவ்வளவு என்று
அளக்க என்னிடம் பெட்டியில்லை.

மாறிய பத்தாம் நாள் வந்தாள்.
இப்போது குறியீடு இல்லை, கேப் டவுன் இல்லை.
விரல். சொட்டு. அரை நிமிடம்.
பெட்டி நேராக என்னிடமே காட்டியது:
ஒன்று புள்ளி நான்கு.

திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
நிஜமா?
நிஜம், என்றேன்.
மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார் டாக்டர்.
கீரை சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.