வெறும் ஊசி

மருந்து இல்லையாம் அதற்குள்.
வெறும் ஊசி.
கிளிநொச்சி ஆஸ்பத்திரி, இயன்மருத்துவப் பகுதி,
பதினோராம் இலக்கத் துண்டு கையில்.
வியாழக்கிழமை. அரைநாள் லீவு.

"எத்தினை நாளா நோ?" என்று கேட்டாள் நுஸ்ரா.
செட்டிகுளத்துப் பிள்ளை. என்னிலும் எட்டு வயது குறையும்.
நாள் கணக்கில்லைத் தங்கச்சி, மீற்றர் கணக்கு.
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நின்று, குனிந்து,
முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி.
கழற்றி வைத்த பிறகும்
அதன் பாரம் இறங்குவதில்லை.
முகமாலையில் தொடங்கினது,
இப்ப அம்பகாமம்.

சித்தாலேப பூசியாச்சு.
பனடோல் கார்ட் கார்ட்டாய் முடிஞ்சுது.
தலையணையை எறிந்துவிட்டு
சாக்கை மடித்துப் படுத்தும் பார்த்தாச்சு.
பின்னால் ஆரும் கூப்பிட்டால்
முழு உடம்பும் திரும்பும்,
ஒழுங்கைக்குள் பஸ் திருப்புவது போல.

படிவத்தை எடுத்தாள்.
இரத்தம் இளக்கிற குளிசை? இல்லை.
கர்ப்பம்? சிரித்தேன். இல்லை.
"உடம்புக்குள்ள இரும்பு ஏதும்?"

அந்தக் கேள்வி மட்டும் அச்சில் இல்லை.
அடியில் பேனையால் எழுதியிருந்தது.
இங்கே வேலைக்கு வந்த பிறகு சேர்த்ததாம்.
"வலத் தோளுக்குக் கீழ ஒண்டு.
அரிசி அளவு. மழைக்கு முதல் சொல்லும்."
விரலால் தேடி, நீலப் பேனையால் வட்டம் போட்டாள்.
"இதுக்குள்ள நான் வரமாட்டன்."
நாங்களும் அப்படித்தான்,
சிவப்புக் கட்டை நடுவோம்.

குப்புறப் படுத்தேன்.
கட்டிலின் ஓட்டைக்குள் முகம்.
கீழே சீமெந்து.
அங்கேயும் நிலம்தான் பார்க்கக் கிடைத்தது.

விரல்கள் வந்தன.
அழுத்தி, விட்டு, பக்கத்தில் அழுத்தி,
ஓரங்குலமும் தவறாமல்.
இந்த நடை எனக்குத் தெரியும்.
"இதில ஒரு முடிச்சு."
கயிறாய் இறுகிய சதைக்குள் ஒரு கடலை.
இரண்டு விரலால் சதையைக் கிள்ளித் தூக்கினாள்.
கீழே நுரையீரலாம்,
நேரே இறக்கக் கூடாதாம்.
எனக்கும் முதல் கிழமையில் சொன்ன பாடம்:
சரிவாய்ப் போ.

மெல்லிய குழாய். ஒரு தட்டு.
நுளம்புக்கடி அளவும் இல்லை.
பிறகு ஊசி தேடத் தொடங்கியது.
உள்ளே, சற்று வெளியே, சாய்ந்து மறுபடி உள்ளே

சதை துள்ளியது,
என்னைக் கேளாமல்,
சேற்றுக்குள் மிதிபட்ட விரால் போல.

"நில்!"

கத்திவிட்டேன்.
பாதையில் கத்துகிற குரல்.
அடுத்த பாதைக்காரரும் அசையாமல் நிற்க வேண்டிய குரல்.

நுஸ்ரா நின்றாள்.
கை ஊசியில், ஊசி என்னில்.
பக்கத்துக் கட்டிலில் கால் மடக்கி நீட்டிய மனிசனும்
பாதி நீட்டலில் நின்றார்.
மின்விசிறி மட்டும் பயிற்சி எடுக்காதது,
சுற்றியது.

"நோகுதா அக்கா?"
நோகுது. கத்தினது அதுக்கில்லை.
ஒன்பது வருசம்.
முனை தொட்ட இடத்தில் எதுவும் அசைந்துவிடக் கூடாது.
இது அசைந்தது.
நான் இருக்கிறேன்.

"துள்ளினாத்தான் நல்லம்," என்றாள்.
"அதைத்தான் தேடினது."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "செய்யுங்கோ."

இன்னும் மூன்று இடம்.
கடைசித் துள்ளலில்
மூக்கு நுனியால் வடிந்த கண்ணீர் சீமெந்தில் விழுந்தது.
அதை ஒருவரும் குறிக்கவில்லை.

நாளைக்கு நோகும் என்றாள். நீலம் பாயலாம்.
முழுக்கப் போகுமெண்டு சொல்லமாட்டன்,
குனியிறதைக் குறையுங்கோ.
ஆர் குறைக்கிறது?
மோட்டார் சைக்கிள் லீசிங் இன்னும் பதினாலு மாசம்.
அம்பகாமம் இன்னும் எத்தினை மாசமென்று
ஆருக்கும் தெரியாது.

ஏ-9 வீதியில் ஏற முதல் இரண்டு பக்கமும் பார்த்தேன்.
இடம், தோள் வரை.
வலம், பாதி.
மின்கம்பத்து உச்சியில் ஒரு மயில்.
அவ்வளவு உயரத்தில் ஏறுமா அது?

பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
திரும்பினேன்,
கழுத்தால் மட்டும் திரும்பினேன்,
ஆசை தீர
அவனை முறைத்தேன்.