உள்பக்கத்துப் பேட்

காளவாசல் சிக்னலில்தான் முதலில் கேட்டது.
அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்.
ஷேர் ஆட்டோவில் மைதா மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பையன்
எங்கள் முன்சக்கரத்தைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.

சர்வீஸ் சென்டரில் நாலாயிரத்து இருநூறு என்றார்கள்.
தெற்குவெளி வீதியில் ஒரு செட் எண்ணூற்றைம்பது.
மிச்சம் எவ்வளவு என்று குபேந்திரன் கணக்குப் போடுவதற்குள்
நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டேன்.
தூக்குவதற்கு முன்பே தளர்த்த வேண்டும்,
தூக்கியபின் திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும்.
(போன மாதம் தெரிந்துகொண்டேன்.
எப்படி என்று கேட்க வேண்டாம்.)

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, ஞாயிறு காலை ஒன்பது.
அதற்குள் வெயில் போனட்டில் தோசை சுடத் தயார்.
பின்சக்கரங்களுக்குச் செங்கல், இரண்டிரண்டு.
ஒரு நட்டு அசையவே இல்லை.
ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன்.
என் அறுபத்தெட்டுக் கிலோ
முதன்முதலாக ஒரு காரியத்துக்கு உதவியது.

ஜாக்கை மட்டும் நம்பாமல்
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் தள்ளினேன்.
காலிப்பரை நிமிர்த்திப்
பழைய பாவாடை நாடாவால் ஸ்பிரிங்கோடு கட்டினேன்.
ஹோஸில் தொங்கவிட்டால் அது உள்ளுக்குள் கிழியும்,
வெளியே தெரியாது.

வெளிப்பக்கத்துப் பேட் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.
அதைத்தான் மெக்கானிக் சக்கரத்து ஓட்டை வழியாகப் பார்த்து
நிறைய இருக்குக்கா என்றிருக்கிறார்.
உள்பக்கத்தது வெறும் தகரம்.
ஒரு துளி கறுப்பு இல்லை.

பின் ஒன்று இறுகிக்கிடந்தது.
நகர வேண்டியது நகராததால்
ஒன்றே அத்தனை வேலையும் பார்த்திருக்கிறது,
இன்னொன்று சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது.
இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
குபேந்திரன் ரொம்ப நேரம் பார்த்தார்.
"இதில் நான் எது?"
"டார்ச்சை நேராப் பிடிங்க."

பின்னை உருவித் துடைத்து கிரீஸ் போட்டேன்.
பிஸ்டனை உள்ளே தள்ள
ஜேசுராஜ் அண்ணன் பிளைவுட் ஒட்டும் கிளாம்ப்.
திருகத் திருக மேலே டப்பாவில் ஆயில் ஏறியது.
நிரஞ்சனாவுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றிய சிரிஞ்சால்
வழியும் முன் உறிஞ்சினேன்.
அந்தச் சிரிஞ்ச் இனி அடுப்படிக்குப் போகாது என்று
மூன்று தடவை சத்தமாகச் சொன்னேன்.

இடதுபக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது.
கை பழகிவிட்டது என்று நினைத்த அந்த இடத்தில்தான்
மறந்தேன்.

செங்கல்லை எடுத்தோம், ஏறினோம்.
எங்கள் தெரு வாய்க்கால் பக்கம் லேசாகச் சரியும்.
ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன், வண்டி நகர்ந்தது,
பெடலை மிதித்தேன்.
கால் தரைவரை போனது.
சோற்றுக்குள் கைவிட்ட மாதிரி, தடுக்க ஒன்றும் இல்லை.
எதிரே தண்ணி லாரிக்குக் காத்து
வரிசையில் பதினோரு பிளாஸ்டிக் குடங்கள்,
கடைசிக் குடத்தின்மேல் பெயர் எழுதிய செங்கல்.
இரண்டாம் மிதி, பாதி வந்தது.
மூன்றாவதில் பிடித்தது.
குடத்துக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்.

கிளப்புவதற்கு முன் நாலு தடவை மிதிக்க வேண்டும்.
பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொட வேண்டும்.
படித்திருந்தேன். தெரியும். மறந்தேன்.

ரெண்டு பேரும் பேசவில்லை.
எரிந்துகொண்டே இருந்த டார்ச்
அவர் மடியிலிருந்து கீழே வெளிச்சம் அடித்தது.
அவருடைய வலதுகால்
பெடலே இல்லாத அந்தப் பக்கம்
முழு பலத்தோடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

காலை எடுத்தார்.
மேட்டில் அந்த இடம் மட்டும்
குதிகால் அளவுக்கு வழுவழுவென்று தேய்ந்து
கீழே தகரம் தெரிந்தது.
ஏழு வருஷம் இந்த வண்டியைக் கூட்டிப் பெருக்குகிறேன்,
கண்ணில் பட்டதில்லை.

சாயங்காலம் ரிங் ரோட்டில்
புதுப் பேட் படிய வேகம் எடுத்து நிறுத்தி, எடுத்து நிறுத்தி,
பத்துத் தடவை.
பின்னால் வந்த மணல் லாரிக்காரர் ஏதோ சொல்லித் தாண்டினார்.
பத்துத் தடவையும் கூடவே அவரும் மிதித்தார்.

மேட் என்ன விலை என்று
தெற்குவெளி வீதியில் கேட்க வேண்டும்.