காத்திருப்போர் பட்டியல்

வீடு பார்க்க வருகிறீர்களாம், மரிசெல்.
அமைதியாக இருக்குமா என்று கேட்டீர்கள்,
லிஃப்டில், பதினோராம் மாடிக்கும் தரைக்கும் நடுவே.
இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.
அது பாதிப் பதில்.

அங்கே அமைதிக்கு அட்டவணை உண்டு.
வியாழக்கிழமை எட்டு மணிக்கு
இலை ஊதும் இயந்திரங்கள் தெருவைப் பிய்த்தெடுக்கும்.
ஒரு வீட்டுச் சருகு அடுத்த வீட்டுக்குப் போகும்,
மதியத்துக்குள் திரும்பி வந்துவிடும்.
காசு கொடுத்து வாங்கும் அமைதி
சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்து சேரும்.

டியூலிப் நடாதீர்கள். மான் தின்னும்.
வேலி போட்டாலும் தின்னும்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

வரி பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்;
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரயிலைப் பற்றிச் சொல்கிறேன்.
ஐந்து ஐம்பத்திரண்டை நம்பலாம். ஆறு பதினெட்டு பொய்.
சில நாள் ஆற்றுப்பாலம் திறந்தால் மூடாது.
அன்று சதுப்பு நிலத்தின் நடுவே
நாற்பது நிமிடம் நாணலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.
நன்றாகத்தான் இருக்கும், முதல் பத்து நிமிடம்.
கடைசிக்கு முந்தைய பெட்டியில் பேசக்கூடாது.
எங்கும் எழுதியிருக்காது.
ஒரு தும்மல் போதும், தெரிந்துகொள்வீர்கள்.

ஸ்டேஷனில் கார் நிறுத்த அட்டை வேண்டும்.
அட்டைக்குப் பட்டியல்.
பத்திரம் கையெழுத்தான அன்றைக்கே
போய்ப் பெயர் எழுதிவையுங்கள், திரைச்சீலை அப்புறம்.
நான் எழுதியபோது இருநூற்றுப் பன்னிரண்டு.
நாலு வருஷம்
நியூ ஜெர்சிப் பனியில் இருபத்தாறு நிமிடம் நடந்தேன்.
ஒவ்வொரு ஜனவரியும் நகராட்சிக்கு போன் போட்டு
என் எண்ணைக் கேட்பேன்.
நூற்று எழுபது.
தொண்ணூற்றெட்டு.
நாற்பத்தொன்பது என்றபோது வீட்டில் கேக் வெட்டினோம்.
ஒரு பட்டியல் எப்படி இறங்குகிறது என்று
கேட்கத் தோன்றவில்லை.

அட்டை வந்தது ஓர் அக்டோபரில்.
கட்டம் எண் அறுபத்தேழு, தெற்கு முனையில்.
நடந்து வருபவர்கள் வடக்கு முனையில் ஏறுவோம்,
கார்க்காரர்கள் தெற்கில்;
ஒரே பிளாட்பாரம்தான், ஆனால் முகம் தெரியாது.
முதல் நாள், மூன்றாம் விளக்குக் கம்பத்தருகே
இடம் காலியாக இருந்தது. நின்றேன்.
ரயில் வந்தது. கதவு சரியாக என் முன்னால் திறந்தது.
இவ்வளவு நல்ல இடத்தை எப்படி விட்டுவைத்தார்கள்?
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாரும் ஒரு முறை பார்த்தார்கள்,
பிறகு அவரவர் போனைப் பார்த்தார்கள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
பச்சை ஃபிளாஸ்க் வைத்திருக்கும் ட்ரூடி
தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்,
"அது டெஸ்மண்ட் நிற்கும் இடம்."
வருவாரா என்று கேட்டேன்.
"ஆகஸ்டிலிருந்து இல்லை."

பதினேழு வருஷம் பக்கத்தில் நின்றவருக்கு
அவருடைய குடும்பப்பெயர் தெரியவில்லை.
பேப்பரை எட்டாக மடிப்பார் என்று தெரியும்.
மழைக்கு முன்னால் முழங்கால் வலிக்கும்,
எடையை இடது காலுக்கு மாற்றிக்கொள்வார், அது தெரியும்.
இறந்தார் என்பதே ஊகம்தான்.
கறுப்பு வோல்வோ ஒரு வாரம் வரவில்லை,
இன்னொரு வாரம் வரவில்லை,
அப்புறம் அந்தக் கட்டத்தில்

அவர் முடிக்கவில்லை. ரயில் வந்துவிட்டது.
என் காரின் நிறம் வெள்ளி.

மறுநாள் அரையடி தள்ளி நின்றேன்.
ட்ரூடியும் தள்ளி நின்றார், எந்தப் பக்கம் என்று
இப்போது நினைவில்லை.
கம்பத்தடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது,
ஒரு குடை அளவுக்கு.

வாருங்கள், மரிசெல். நல்ல ஊர்தான்.
ஜனவரியில் போன் போடுங்கள்.
எண் இறங்கியிருக்கும். கேக் மட்டும் வேண்டாம்.
தெற்கு முனைக்கு நீங்கள் வந்துசேரும்போது
நான் பேசமாட்டேன், தலையாட்டுவேன்,
தப்பாக நினைக்காதீர்கள், அங்கே அதுதான் பேச்சு.

ஆபீஸ் பட்டியலில்
என் முழுப்பெயர் இருக்கும்.
ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.