கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது

இவோனேய் பிஸ்டனைக்
காகிதப் பையில் கொண்டுவந்தான்.
ரொட்டிக் கடைப் பை, உள்ளே இன்னும் சோள மாவு வாசம்.
மேசைமேல் வைத்தான். பேசவில்லை.
நடு மண்டையில் துளை,
என் கட்டைவிரல் போய்வரும்.
துளையோரம் ஒரு சொட்டு அலுமினியம்
விழ மறந்து நிற்கிறது.

லாஜெஸ், ஜூலை மாதம்.
புல்லெல்லாம் உறைபனி.
இந்த மலையூரில் குளிர்காலக் காலைகளில்
எத்தனால் வண்டி எதுவும் சும்மா எழாது;
கரும்புச் சாராயம் குடித்துப் படுத்த எஞ்சினுக்கு
ஒரு மிடறு பெட்ரோல் காட்டித்தான் எழுப்ப வேண்டும்.
இவனுடைய பழைய கோல் கார் எழுந்தது.
நன்றாகவே எழுந்தது.
ஏற்றத்தில், பைன் மரம் ஏற்றிய லாரியை முந்தும்போது
முள் ஒரு பார் தாண்டியதும்
பானட்டுக்குள் யாரோ கூழாங்கல் குலுக்கிய சத்தம்.
அப்புறம் புகை.

குற்றம் என்னுடையது.
டர்போ திணிக்கிற காற்றுக்கு
இருந்த நான்கு இன்ஜெக்டர்கள் போதவில்லை.
ஐந்தாவதாக ஒன்றை
காற்று நுழையும் வாசலிலேயே
நான்தான் துளையிட்டு உட்காரவைத்தேன்.
நிமிடத்துக்கு இவ்வளவு சி.சி.,
இத்தனை குதிரைசக்தி, இவ்வளவு அழுத்தம்.
கணக்குப் போட்ட தாள் இன்னும் சுவரில் இருக்கிறது.
பை வந்த அன்று ராத்திரி மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது.

பங்கில்தான் தப்பு.
காற்று லேசு, எந்த முடுக்கிலும் திரும்பிவிடும்.
எரிபொருளுக்குக் கனம் உண்டு.
ஓடுகிற வேகத்தில் துளிகள்
முதல் சந்தில் திரும்ப முடியாமல்
நேரே போய்க் கடைசிச் சுவரில் மோதும்.
பந்திக்கு முந்தச் சொன்னவர்கள்
இந்தப் பந்தியைப் பார்த்ததில்லை:
வாசலை ஒட்டி உட்கார்ந்த முதல் சிலிண்டருக்கு
இலை நிறையக் காற்று.
நாலாவது மூக்கு முட்டக் குடித்துக்
கரி கக்கிக்கொண்டிருந்தது.

ஸ்பார்க் பிளக்குகள் சொல்லியிருக்கும்.
கழற்றிப் பார்க்கவில்லை.
அன்று வெள்ளிக்கிழமை.
அவனுக்கு அவசரம். எனக்கும்.

ஸெனில்டா புதிதாக நான்கு குமிழ்களைப் பற்றவைத்தாள்,
ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று.
உடைத்து விற்கும் கிடங்குகளில் அலைந்து
ஒரே எண் பொறித்த இன்ஜெக்டர்களாகப் பொறுக்கிவந்தோம்.
பனைக்குருத்து அடைத்து விற்ற கண்ணாடி ஜாடிகள் நான்கு,
லேபிள் சுரண்டி, வரிசையாக.
ஒவ்வொன்றின் வாய்க்கு நேரே ஒரு மூக்கு.
ஸ்விட்ச் போட்டோம். முப்பது நொடி.
இரண்டாவது ஜாடியில் ஒரு விரற்கடை குறைந்தது.

ஒரு விரற்கடைதானே, என்றான் இவோனேய்.
அந்த வாரத்தில் அவன் பேசிய முதல் பேச்சு.
நான் காகிதப் பையை
அவன் பக்கமாகத் தள்ளிவைத்தேன்.

ஊறவைத்தோம், கழுவினோம், மறுபடி ஊற்றினோம்.
அதே விரற்கடை.
கடைசியில் ஸெனில்டா தன் வண்டியிலிருந்தே
ஒன்றைக் கழற்றிவந்து மேசைமேல் போட்டாள்.
மூன்று நாள் பஸ்ஸில் வந்தாள்,
ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிக்கொண்டே.

ஞாயிறு விடியலில் அதே ஏற்றம்.
முள் தொட வேண்டிய இடத்தைத் தொட்டதும்
ரிலே ஒரு சொடக்குப் போட்டது.
காதைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டேன்.
கூழாங்கல் இல்லை.
உச்சியில் நிறுத்தி, சூடு ஆறுமுன்
விரலைச் சுட்டுக்கொண்டு
நான்கு பிளக்கையும் துண்டில் அடுக்கினேன்.
நான்கும் ஒரே நிறம்.
மூன்றாவது கொஞ்சம் வெளுப்போ?
வெளிச்சம் வரட்டும் என்று நின்றோம்.
இவோனேய் மடித்த கத்தியால் பாலாடைக்கட்டி நறுக்கினான்.
முதல் துண்டு எனக்கு.
எல்லாத் துண்டும் ஒரே கனம்தானா என்று
பார்த்தேன். அவனும் பார்த்தான்.
சிரித்துவிட்டோம்.

கூலி வாங்கவில்லை.
பழைய பிஸ்டன் என்னிடமே இருக்கிறது.
கவிழ்த்து வைத்தால் நல்ல கிண்ணம்,
திருகாணி போட்டுவைக்கலாமென்று பார்த்தேன்.
பெரியவை தங்குகின்றன.
சின்னவை எல்லாம்
துளை வழியே விழுந்துவிடுகின்றன.