ஐஸ் படாமல்

பதினேழு வருஷமாய்ப் பாம்பன் தெற்குவாடியில் ஐஸ் உடைக்கிறேன்.
சீலாவுக்கு எவ்வளவு, நண்டுக்கு எவ்வளவு,
எந்த லாரி எந்த ஊரில் சொட்டத் தொடங்கும்,
எல்லாம் கைக்குத் தெரியும்.

இந்த பாட்டிலுக்குத்தான் கை பழகவில்லை.
குளிர வேண்டும், உறையக் கூடாது.
உறைந்தால் கொட்டிவிடுங்கள் என்றார் மதுரை டாக்டரம்மா.
கொட்டினால் ஒன்றரை மாசக் கூலி.
ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே
பெர்னத்தின் பழைய சேலையை எட்டாய் மடித்து வைத்து
பஸ்ஸில் மடியிலேயே ஏந்தி வந்தேன்.
ராமநாதபுரம் வரைக்கும் பக்கத்து ஆள் கேட்டுக்கொண்டே வந்தார்,
என்ன மீன், என்ன மீன்.

அந்த டாக்டரம்மாதான் முதலில் ஒரு தாளில்
சதுரம் சதுரமாய் ஆண்களை வரைந்தார்,
வட்டம் வட்டமாய்ப் பெண்களை.
பெர்னத்தின் தம்பிமார் இருவருக்கும் குறுக்குக் கோடு.
கோயில் பதிவேட்டில் அவர்களுக்குக் 'காய்ச்சல்' என்று மட்டும் இருக்கிறது.
எங்கள் ரெமிஜியுஸுக்குச் சதுரம் முழுக்க மை.
பெர்னத்தின் வட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி.
அன்று ராத்திரி அவள் பொட்டை அழித்தாள்.
பிறகு வைக்கவே இல்லை.

எதிர்ப்பு சக்தி இல்லை என்றோம்.
தெரு வேறொரு நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டது.
சொட்டு மருந்து நாளில் வாசலை மறித்து நின்று
டாக்டர் சீட்டை நீட்டினாள் பெர்னத்.
அதை யாரும் வாங்கிப் படிக்கவில்லை.

நாலு மணி நேரம் ஏறும்.
கட்டிலில் படுத்தபடி சொட்டுகளை எண்ணுவான்,
இருநூறைத் தாண்டினால் தப்பிவிடும்.
"இது யாரோடதுப்பா?"
"ஆயிரக்கணக்கான பேரோடது. பேர் தெரியாது."
"அதுல சண்டைக்காரனுங்க இருப்பானுங்களா?"
"மொத்தமும் அவனுங்கதான்டா."
சிரித்தான். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

முதல் வாரம் ஏத்தம்.
மூன்றாம் வாரம் வத்தம்,
பாறையெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி
கண்ணுக்குக் கீழே எலும்பு தெரியும்.
கச்சான் காற்றில் ஒரு தும்மல் கேட்டாலும்
பெர்னத்தும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காருவோம்.
தண்ணீரைக் காய்ச்சு, கையைக் கழுவு,
சளி மஞ்சளானால் காத்திருக்காதே,
மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.
ஜெபத்தை விட இதுதான் இப்போது மனப்பாடம்.

தடைக்காலம் அறுபத்தோரு நாள்,
படகெல்லாம் கரையில், ஐஸ் கம்பெனி பூட்டு.
இருபத்தோரு நாளுக்குத் தடைக்காலம் கிடையாது.
முதலாளியிடம் முன்பணம் கேட்டேன்.
எதற்கு என்றார்.
சொன்னேன், முழுசாய், பெயரோடு,
முதன்முறையாய்.
அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.
கொடுத்தார், பாதி.

இன்று இருபதாம் நாள்.
கக்கத்தில் தெர்மாமீட்டரோடு தூங்குகிறான்.
தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.
சேலையை எடுத்து எட்டாய் மடித்து வைக்கிறேன்.